வான்தீவுப் பாரில் கயிறு பிடிப்பவர் யார் என்பது பற்றி

அனுப்புநர்:
திருமதி பிளாரன்ஸ் மச்சாது,
(தோணித் தண்டல் வளன் மச்சாது அவர்களின் மனைவி)
பொருளாளர், மாதா கோவில் மாதர் சங்கம்,
கடற்கரைத் தெரு, தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: வான்தீவில் பவளப்பாறை பார்க்க நீரில் இறங்குவது – பெண்களுக்குத் தடை என்று வைக்கப்பட்டுள்ள பலகையை அகற்றுவது – கயிறு பிடிக்கும் முறையை ஒழுங்கு செய்து உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. படகுத்துறையில் குத்தகைதாரர் வைத்துள்ள பலகை.
2. மீன்வளத் துறை ஆய்வாளர் திரு. எஸ்றா அவர்கள் தீவுக்கு நேரில் வந்து பார்த்தது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. எங்கள் வீட்டில் எதை எழுதினாலும் தாளின் தலையில் ஒரு சிலுவைக் குறி போட்டுத்தான் தொடங்குவோம். அரசாங்க மனுவில் அது ஆகாது என்று தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் சொன்னதால், குறியை என் நெற்றியில் போட்டுக்கொண்டு தாளை வெறுமனே விட்டிருக்கிறேன். இந்த மனுவைத் தானே எழுதித் தருவதாகவும் அவர் சொன்னார். “ஏழை அபலையாகிய நான்னு ஆரம்பிச்சிருவோம்மா, அதான் எடுபடும்” என்றார். ஐயா, நான் அபலை இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அதன் பிறகு ஜெபப் புத்தகம், சீனி பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள், தோணி செலுத்தும் தண்டலாகிய என் கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவரும் பழைய பத்திரிகை என்று கிடைத்ததை எல்லாம் எழுத்துக் கூட்டி நானாகவே வாசித்துப் பழகினேன். இன்று மாதர் சங்கத்தின் வரவு செலவு என் கையில் இருக்கிறது. இல்லாததைக் கூட்டி எழுத இந்தக் கைக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் அழுகை குறைவாகவும் சந்தோஷம் அதிகமாகவும் தெரிந்தால் அதை மனுவின் குறையாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் சனத்தில் ஆண்கள் கடலுக்குள் போவார்கள், பெண்கள் கரையில் இருந்து ஜெபிப்போம். முத்துக்குளித்த காலத்திலும் அப்படித்தான், சங்கு குளிக்கிற இந்தக் காலத்திலும் அப்படித்தான். கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு வந்து சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். சென்ற வருஷம் என் கணவர் தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி முகமூடிகளும், வாயில் கடித்துக்கொண்டு மூச்சுவிடுகிற வளைந்த குழாய்களும் கொண்டுவந்தார். தனக்கும் தன் சிநேகிதருக்கும் என்று வாங்கியவர், எடுத்துப் பார்க்க நேரமில்லாமல் அடுத்த நடைக்குத் தோணி ஏறிவிட்டார். நான் சமையலறை அண்டாவில் தண்ணீர் நிறைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தை முக்கிக் குழாயில் மூச்சுவிட்டுப் பார்த்தேன். காப்பித்தூள் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சந்தனமாரி கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஐயோ, தண்டல் வீட்டுக்காரி அண்டாவுல விழுந்துட்டா!” என்று தெருவையே கூட்டிவிட்டாள். கூடிய கூட்டம் கலையவில்லை. எனக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை என்று அண்டாவுக்கு முன்னால் வரிசை நின்றது. எங்கள் சங்கத்துப் பெண்கள் நீரில் இறங்கத் தொடங்கியது இவ்விதமாகத்தான்.

3. கரையோரத்து ஆழமில்லாத நீரில் நீந்தப் பழகிய பிறகு, பங்குச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் உறவினர் வில்பிரட்டின் வள்ளத்தில் வான்தீவுக்குப் போனோம். தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைத் திட்டை எங்கள் பேச்சில் பார் என்போம். அங்கே நான் முதல் முதலாக முகத்தைத் தாழ்த்திய அன்று கண்டதை மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. பலகையை எடுக்கச் சொல்லுகிறவள் பலகைக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் மனு முழுமையாகாது என்பதால் எழுதுகிறேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பாறை. பந்தாகச் சுருண்ட பாறை. அவற்றின் நடுவே மஞ்சளும் நீலமுமாக, திருவிழாக் கடைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. மீனை உரசிக் கழுவி அரிந்தே வயது போன எனக்கு, அது இப்படிக் கண்ணை விழித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும் என்று தெரியாது. குழாய் வாயில் இருந்ததால் தோத்திரம் சொல்ல முடியவில்லை. மேலே வந்து சொன்னேன்.

4. இனி கயிறு பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மனுவின் உயிர் அதில்தான் இருக்கிறது. நம் கரையில் ஒருவர் முத்துக்கோ சங்குக்கோ குளித்தால், மேலே வள்ளத்தில் அவருடைய கயிற்றைப் பிடிப்பவர் அவர் மனைவியின் உடன்பிறந்தவராக, அதாவது அவருடைய மச்சானாக, இருக்க வேண்டும் என்பது வழக்கம். கயிறு நழுவினால் தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பாள் என்கிற நினைப்பு அவர் கையில் இருக்கும். கூலிக்குப் பிடிப்பவர் கையில் அது இருக்காது. என் கணவரின் தங்கை விக்டோரியாவின் புருஷன் சங்கு குளித்தவர். அவர் கயிற்றை என் கணவர்தான் பிடிப்பார். ஒரே ஒரு நாள் என் கணவர் கொழும்புத் தோணியில் இருந்தார். கூலிக்கு வந்த ஒருவர் பிடித்தார். அவர் கெட்டவர் இல்லை. பக்கத்து வள்ளத்தார் பேச்சுக் கொடுத்தார்கள், அவரும் பேசினார். அவ்வளவுதான். தாலி இழந்த அன்று முதல் விக்டோரியா எங்கள் வீட்டில் இருக்கிறாள். தன் அண்ணனைத் தோணிக்கு அனுப்பிய வீடு என்று அவளுக்கு மனத்தாங்கல். ஒரே கூரைக்குக் கீழே அவளுக்கு ஓர் அடுப்பு, எனக்கு ஓர் அடுப்பு.

5. நாங்கள் பாரில் இறங்குவது என்று ஆனதும் கேள்வி வந்தது. புருஷன் இறங்கினால் மனைவியின் சகோதரன் பிடிக்கிறான். மனைவி இறங்கினால் யார் பிடிப்பது? கணக்கைத் திருப்பிப் போட்டால் புருஷனின் சகோதரி என்று வருகிறது. அதை நான் சொன்னதும் சங்கமே சிரித்தது. “நாத்தனா கையில கயிறா? அப்ப நேரா மோட்சந்தாம்ளா!” என்றாள் சந்தனமாரி. “அதுக்குப் பேசாம சுறாகிட்டயே குடுத்துரலாம்” என்று இன்னொருத்தி சொன்னாள். மூலையில் இருந்த விக்டோரியா சிரிக்கவில்லை. எழுந்து வந்து கயிற்றை வாங்கிக் கையில் சுற்றினாள். “மயினிக்கு நான் பிடிக்கேன். எங்கண்ணன் தனியா நிக்கக் கூடாது” என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு முழுப் பேச்சுப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

6. அன்று நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட முறையைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஒருத்தியாக யாரும் இறங்குவதில்லை. இறங்குகிறவள் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மனுஷி கையில். எந்தக் காரணம் கொண்டும் அதை வள்ளத்தில் கட்டுவதில்லை. பிடிக்கிறவள் வேறு வேலை பார்க்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, கதை பேசக் கூடாது. இறங்கினவள் மூச்சை அடக்கி முங்கியதும், பிடிக்கிறவள் வாய்விட்டு அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முடிந்து மற்றொன்றும் முடிவதற்குள் தலை வெளியே வராவிட்டால், கீழிருந்து சைகை வந்தாலும் வராவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். சந்தனமாரியின் நாத்தனாருக்கு எங்கள் ஜெபம் தெரியாது. அவள் தன் அம்மன் பாட்டில் அதே நீளத்துக்கு ஓர் அடியை வைத்திருக்கிறாள். இடுப்பில் மீன் அரியும் சின்னக் கத்தி ஒன்று, காலில் கான்வாஸ் செருப்பு, ஏனென்றால் பாறை இடுக்கெல்லாம் உடம்பு முழுக்க முள்ளான கடல் முள்ளி. உடுப்பு, தோணிப் பாய்த்துணியில் நானே தைத்த முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை காற்சட்டையும். இதைப் பார்த்து ஒழுக்கக்கேடு என்று குத்தகைதாரர் பேசியதாகக் கேள்வி. எங்கள் உடுப்பில் முகமும் கையும் தவிர எதுவும் தெரியாது. அவர் படகில் வரும் ஆண்கள் இறங்கும் கோலத்தை நான் எழுத மாட்டேன்.

7. ஒன்று விட்டுப்போயிற்று. இறங்கும் ஒவ்வொருத்தியும் தன் கை வளையல் ஒன்றைக் கழற்றி என்னிடம் உள்ள பித்தளைத் தட்டில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டில் ஒரு வளையல் மிச்சம் இருந்தாலும் வள்ளம் நகராது. கணக்கு எழுதுகிறவளுக்குத் தோன்றிய யோசனை இது. இதுவரை தட்டு வெறுமையாகாமல் நாங்கள் கரை திரும்பியதில்லை.

8. இப்போது குத்தகைதாரர் செல்லப்பாண்டி அவர்களைப் பற்றி. தீவுக்கு உல்லாசப் படகு விடும் குத்தகையை எடுத்திருக்கும் அவர் கடல் இல்லாத ஊரிலிருந்து வந்தவர். உழைப்பாளி. வெளியூர் ஜனங்களுக்கு முகமூடி வாடகைக்குக் கொடுத்துப் பாரில் இறக்கிக் காட்டும் யோசனை நல்ல யோசனைதான். மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று டீக்கடையில் சங்கு குளிக்கிறவர்கள் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் ஊருக்குப் போய்த் தன் மச்சான் இசக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்! படகுத்துறையில், “கவலை வேண்டாம். மச்சான் கயிறு பிடிப்பார்” என்று பலகையும் வைத்தார். நான் போய், “யாருக்கு மச்சான், அண்ணாச்சி?” என்று கேட்டேன். “எனக்குத்தாம்மா. சொந்த மச்சான். கூடப் பொறந்தா மாதிரி” என்று பெருமையாகச் சொன்னார். வருகிறவர்கள் சென்னையானாலும் மதுரையானாலும் எல்லாருக்கும் கயிறு பிடிப்பது செல்லப்பாண்டி அவர்களின் மச்சான். அதில் என்ன தப்பு என்று இன்று வரை அவருக்கு விளங்கவில்லை. எங்கள் பெண்கள் அந்தப் பலகையைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் நோன்பாகிய தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

9. அன்று நாங்களும் பாரில் இருந்தோம், அவர் படகும் வந்திருந்தது. மதுரையில் வங்கி அதிகாரியாக இருக்கும் நாசரேத்துக்காரர் திரு. பொன்னுதுரை தம் மனைவி ஜெயபாயுடன் வந்திருந்தார். அவரை முகமூடியோடு இறக்கிவிட்டு இசக்கியப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் சோறு பொங்கிக்கொண்டிருந்த குத்தகைதாரர், “ஏலே இசக்கி, அடுப்பு அணையுது, வந்து ஊதுலே!” என்று சத்தம் போட்டார். இசக்கியப்பன், “கயிறு அத்தான்!” என்றார். “படகுல கட்டிட்டு வாலே, கயிறு எங்கயும் ஓடிராது” என்று பதில் வந்தது. அவர் கட்டிவிட்டுப் போனார். இதை நான் தண்ணீருக்கு மேலே தலை வைத்திருந்தபோது என் காதால் கேட்டேன்.

10. அப்போது ஏற்றம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பாரின் இடைவெளியில் நீவாடு, அதாவது நீரோட்டம், புரண்டது. நங்கூரத்தில் நின்ற படகு அப்படியே சுற்றி மறுபக்கம் திரும்பியது. மனுஷி கையில் இருக்கிற கயிறு தளர வேண்டிய இடத்தில் தளரும். படகில் கட்டின கயிறு இழுக்கும், கவனிக்காது. அது பொன்னுதுரை அவர்களை இழுத்துக்கொண்டுபோய் மான்கொம்புப் பாறையில் சுற்றிவிட்டது. கீழே ஒருவர் காலை உதறுவதை முகமூடிக்குள் இருந்து பார்த்தேன். விக்டோரியாவுக்குக் கயிறு விடச் சொல்லிச் சைகை கொடுத்துவிட்டு முங்கினேன்.

11. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, தண்ணீரில் ஊறி இறுகிக் கிடந்தது. இடுப்புக் கத்தியை எடுத்து அவருடைய கயிற்றை அறுத்தேன். அறுந்ததும் அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முங்குகிறவர் செய்வது அதுதான், குற்றம் சொல்வதற்கில்லை. எனக்கு இரண்டு கையும் அடைபட்டுப் போயின. மேலே சைகை கொடுக்க ஒரு விரல்கூட இல்லை. நெஞ்சு வெடிக்கிறது. மேலே வெளிச்சம் தெரிகிறது, போக முடியவில்லை. அந்த நேரம் என் இடுப்பில் கயிறு இறுகியது. ஐயா, நான் சைகை கொடுக்கவில்லை. இரண்டாம் ஜெபம் முடிந்திருந்தது. விக்டோரியா இழுத்தாள். ஓர் ஆளின் கனத்துக்கு இரண்டு ஆள் கனம் வரவும், என்ன ஏது என்று கேட்காமல் சந்தனமாரியும் மற்றவர்களும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து இழுத்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே மூட்டையாக மேலே வந்தோம். மூச்சு வந்ததும் நான் முதலில் கேட்டது விக்டோரியாவின் ஏச்சு: “இங்கன ஒருத்தி ஜெபம் சொல்லிச் சாகுதேன், ஒரு கொழுப்பெடுத்த மயினிக்கு மேல வரத் தெரியலையோ!” இரண்டு கையிலும் கயிறு கிழித்து ரத்தம் ஒழுகியது. அதை அவள் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்து என் வளையலை எடுத்து என் கையில் தானே போட்டுவிட்டாள். பொன்னுதுரை அவர்கள் மணலில் குப்புறக் கிடந்து கடல் தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டுப் பிழைத்தார். ஜெயபாய் அம்மா எங்கள் ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

12. வருத்தப்பட்டு எழுத வேண்டிய பகுதி இது ஒன்றுதான். அடுத்த வாரம் படகுத்துறைக்குப் போனால் புதுப் பலகை நிற்கிறது. “பாரில் பெண்கள் இறங்கக் கூடாது. மேலிட உத்தரவு.” என் கத்தியால் அறுபட்ட கயிற்றைக் குத்தகைதாரர் அந்தப் பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். பெண்கள் வந்து பத்திரமான கயிற்றை அறுத்து ஒரு பெரிய மனிதரைக் கொல்லப் பார்த்தார்கள் என்று போகிறவர் வருகிறவர்களிடம் சொன்னார். அறுபட்ட கயிறு கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது, யார்தான் நம்ப மாட்டார்கள்? எங்கள் தெருவிலேயே சில ஆண்கள், “கடலம்மா கோவிச்சுக்கிட்டா. பொம்பளைக போதும்னு சொல்லிட்டா” என்றார்கள். வில்பிரட் வள்ளம் கொடுக்கப் பயந்தார். பழகிக்கொண்டிருந்த குமரிப் பெண்களைப் பெற்றவர்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பார் கலங்கிப்போகும், இந்த வருஷத்துக்கு யாரும் இறங்க முடியாது. ஒரு வருஷம் நின்றால் நின்றதுதான். அடுத்த வருஷம் எங்கள் மகள்களுக்கு நாங்கள் கடலில் இறங்கினோம் என்பதே கேலிக்கதையாகிவிடும். அந்தப் பலகை ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் தடுக்கிறது என்று நான் எண்ணவில்லை.

13. தபசு காலம் முழுவதும் பொறுமையாக இருந்தோம். தண்ணீரில் ஒரு விரல் நனைக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. தங்கள் அலுவலகத்துக்கு வந்து, மேலிட உத்தரவு எந்தத் தேதியில் எந்த எண்ணில் வந்தது என்று பணிவாகக் கேட்டேன். பதிவுகளைப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா, அப்படி ஓர் உத்தரவு எவரும் போடவே இல்லை என்றார். “அப்போ மேலிடம்னா எது தம்பி?” என்று கேட்டேன். “அவங்க சம்சாரமா இருக்கும்மா” என்று அவர் சொன்னதைத் தாங்கள் குற்றமாக எடுக்கக் கூடாது, நல்ல பிள்ளை. அவர் கொடுத்த யோசனைப்படிதான் மீன்வளத் துறையில் விண்ணப்பித்தோம். ஆய்வாளர் திரு. எஸ்றா அவர்களும் பாஸ்குத் திருநாளாகிய ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நேரிலேயே தீவுக்கு வந்தார்.

14. அந்த நாளை எழுதும்போது என் பேனா கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, மன்னிக்க வேண்டும். ஆய்வாளர், குத்தகைதாரர், இசக்கியப்பன், நாங்கள், மதுரையிலிருந்து தாமாகவே வந்து சேர்ந்த பொன்னுதுரை தம்பதி என எல்லாரும் அங்கே இருந்தோம். பொன்னுதுரை அவர்கள் தம் இடுப்பில் இருந்த கயிற்றுத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். “ஐயா, இதை அறுக்காம இருந்திருந்தா அந்தப் பலகையில கயித்துக்குப் பதிலா நான் தொங்கணும்” என்றார். குத்தகைதாரர் விடவில்லை. எங்கள் ஜெபமும் வளையலும் மூடநம்பிக்கை என்றும், தம் ஏற்பாடு அனுபவப்பட்ட ஏற்பாடு என்றும் வாதித்தார். ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்த முகமாகவே, “சரி. உங்க மச்சானே இறங்கட்டும். கயிறை நீங்க பிடிங்க. அதையும் பார்த்துருவோம்” என்றார்.

15. குத்தகைதாரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை எடுத்தார். இசக்கியப்பன் நகரவில்லை. “இறங்குலே” என்றார் குத்தகைதாரர். “நீங்க பிடிச்சா நான் இறங்கலை அத்தான்” என்றார் இசக்கியப்பன். “ஏன்லே? நான் உன் அக்கா புருஷன்லா!” “அதாம் அத்தான். நான் போனா அக்கா நாலு நாள் அழுவா. நீங்க சோறு வெந்துட்டான்னு பாக்கப் போயிருவீக.” அங்கே நின்ற எவராலும் அடக்க முடியவில்லை. ஆய்வாளர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, “அப்போ யார் பிடிச்சா இறங்குவே?” என்று கேட்டார். இசக்கியப்பன் திரும்பி, கையில் தழும்போடு நின்ற விக்டோரியாவைக் காட்டினார். “அந்த அக்கா பிடிக்கட்டும். அவுக பேச மாட்டாக.”

16. ஐயா, எங்கள் வழக்கு அந்த இடத்தில் ஜெயித்துவிட்டது. விக்டோரியா கயிற்றை வாங்கினாள். நான் தட்டை நீட்டினேன். வளையல் இல்லாத இசக்கியப்பன் தன் பீடிக்கட்டை அதில் வைத்துவிட்டு இறங்கினார். பாருக்கு மேலே நாள்தோறும் படகில் உட்கார்ந்து போனவர் ஒரு தடவைகூடக் கீழே எட்டிப் பார்த்ததில்லையாம். விக்டோரியாவின் ஜெபம் நடுவில் இருக்கும்போதே தலையை வெளியே நீட்டி, “அத்தான்! கீழ கொடைத் திருவிழால்லா நடக்கு! என்னைய மேல உக்காத்தி வச்சு ஏமாத்திட்டீகளே!” என்று கூவினார். மறுபடியும் முங்கினார். பீடிக்கட்டை எடுக்க அவரை மேலே வரவழைப்பது பெரும்பாடாகிவிட்டது. குத்தகைதாரரும் மனிதர்தானே. அவர் முகம் முதலில் கறுத்தது, பிறகு அவரே சிரித்துவிட்டார். கரைக்குத் திரும்பியதும் தம் கையாலேயே பலகையில் தொங்கிய கயிற்றைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். பலகையைப் பிடுங்க மட்டும் மனம் வரவில்லை. பெயிண்ட் செலவு ஆனது என்றும், மேலிடம் சொன்னால்தான் எடுப்பேன் என்றும் சொல்கிறார். ஆகையால்தான் உண்மையான மேலிடத்துக்கு இந்த மனு.

17. அந்த நாளுக்குப் பிறகு நடந்தவற்றையும் சேர்த்துத் தெரிவிக்கிறேன். வில்பிரட் பழையபடி வள்ளம் கொடுக்கிறார். நிறுத்தி வைத்த பெண்களைப் பெற்றவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள். கடலம்மா கோவித்துக்கொண்டாள் என்று சொன்னவர்களில் ஒருவர் தம் மனைவிக்கு முகமூடி எங்கே கிடைக்கும் என்று கேட்டு என் வீட்டுக்கு வந்தார். ஜெயபாய் அம்மா, மதுரையில் இருக்கும் தம் நாத்தனாரோடு சமாதானம் ஆகிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் இப்போது அடுப்பு ஒன்றுதான் எரிகிறது. கடைசியில் சொன்னது மனுவுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் வரவில் வந்ததை எழுதாமல் விட்டால் கணக்குச் சரியாகாது.

18. மேற்கண்ட காரணங்களால் தாங்கள் தயைகூர்ந்து உத்தரவிட வேண்டியவை:

அ. பெண்கள் இறங்கக் கூடாது என்ற பலகையைப் படகுத்துறையிலிருந்து அகற்ற வேண்டும். கச்சான் எழும்பும் முன்பே ஆக வேண்டும்.

ஆ. பாரில் இறங்கும் ஆணோ பெண்ணோ, ஊராரோ வெளியூராரோ, கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது. அந்தக் கயிறு ஆள் கையில் இருக்க வேண்டும், படகில் கட்டக் கூடாது. அதைப் பிடிப்பவரை இறங்குகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட வந்தவர்களில் தம்மை இழக்கப் பொறுக்காதவர் யாரோ அவர் பிடிக்கட்டும், குத்தகைதாரரின் ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். அவரவர் தமக்குப் பழகிய ஜெபத்தையோ பாட்டையோ அளவாக வைத்துக்கொள்ளட்டும், அளவு முடிந்ததும் இழுக்கட்டும்.

இ. நீர் இறங்கும் நேரத்தில் பாரின் இடைவெளியில் எவரையும் இறக்கக் கூடாது. பாறைமேல் ஏறி நிற்கக் கூடாது, உடைத்து எடுத்துப் போகவும் கூடாது. காலுக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

ஈ. குத்தகைதாரரின் குத்தகையை ரத்து செய்ய வேண்டாம். படகு அவருடையதாகவே இருக்கட்டும், அடுப்பு வேலையையும் அவரே பார்க்கட்டும். இசக்கியப்பனுக்கு மட்டும் கயிறு வேலையைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கித் தர வேண்டும். அவர் இப்போது விக்டோரியாவிடம் பழகுகிறார். திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டு அளவு வைக்கிறார். சற்று வேகமாகக் கூப்பிடுவதால் இறங்குகிறவர்கள் சீக்கிரமே மேலே வந்துவிடுகிறார்கள். அது போகப் போகச் சரியாகும்.

19. காகிதத்தில் படித்து உத்தரவிடுவதைக் காட்டிலும் தாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாரைப் பார்ப்பது நல்லது என்று எங்கள் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தங்கள் கயிற்றைப் பிடிப்பவர் யார் என்பதை எங்கள் முறைப்படி தாங்களே சொல்லலாம். தங்கள் துணைவியாரின் சகோதரர் ஊரில் இருந்தால் அழைத்து வரலாம், இல்லையென்றால் விக்டோரியா இருக்கிறாள். கோவில் திருவிழாவில் தங்களைப் பார்த்தபோது மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தீர்கள். இறங்கும் முன் அதைக் கழற்றி எங்கள் பித்தளைத் தட்டில் வைத்துவிடலாம். அதைத் தங்கள் கையில் திருப்பிக் கொடுக்காமல் எங்கள் வள்ளம் கரைக்குத் திரும்பாது.

தங்கள் உத்தரவையும் தங்கள் வருகையையும் எதிர்பார்த்திருக்கும்,

இறங்கியவள்: பிளாரன்ஸ் மச்சாது
கயிறு பிடித்தவள்: விக்டோரியா
சேர்ந்து இழுத்தவர்கள்: சந்தனமாரி மற்றும் மாதர் சங்கத்தார் (கையெழுத்துகள் பின்பக்கம்)
சாட்சி: இசக்கியப்பன் (இடதுகைப் பெருவிரல் ரேகை)

இடம்: தூத்துக்குடி
நாள்: 25 ஏப்ரல் 1977

இணைப்பு: திரு. பொன்னுதுரை அவர்களின் இடுப்பில் இருந்த கயிற்றுத் துண்டு. பார்த்த பின் திருப்பித் தர வேண்டுகிறேன். விக்டோரியா அதை மாதாவுக்குக் காணிக்கையாக நேர்ந்திருக்கிறாள்.